எட்டு விளக்கும் எரிந்த கேபிள்

1. ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு மின்னஞ்சல் வந்தது. அடுத்த வெள்ளி காலை ஒன்பதரைக்கு இணைப்புச் சோதனை. வைஃபை கூடாது, கணினி கேபிளில் இருக்க வேண்டும். அறைக் கதவு பூட்டியிருக்க வேண்டும்.

2. சனிக்கிழமை வீட்டை அளந்தேன். ஹோலில் இருக்கும் ரூட்டரிலிருந்து குசினிக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறைக்குப் பதினொரு காலடியில் போய்விடலாம். கேபிள் போகக்கூடிய வழி பதினெட்டு மீற்றர்.

3. ஞாயிற்றுக்கிழமை குசினி அடுப்புக்குப் பின்னால் இருந்த ஃபொயில் பேப்பரைக் கழற்றினோம். பிறகு திருப்பி ஒட்டினோம்.

4. திங்கட்கிழமை மிசிசாகாவில் ஒருவரிடம் பாதி முடிந்த கேபிள் பெட்டி ஒன்றை வாங்கினோம்.

5. செவ்வாய்க்கிழமை பேஸ்மென்ற் சீலிங்குக்குள்ளால் கேபிளை இழுத்தோம்.

6. புதன்கிழமை இரண்டு நுனியிலும் பிளக் போட்டோம். கேபிள் சோதிக்கும் சின்னக் கருவியில் ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் வரிசையாக எரிந்தன. அப்பா கை தட்டினார்.

7. அம்மாவின் கணினியில் கொழுவினோம். இணைப்பு வந்தது. போனது. வந்தது. போனது.

8. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்ற நேரமாகிவிட்டதால் அப்பா பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எட்டாவதை எழுதும்போது புதன்கிழமை பிற்பகல் இரண்டு மணி தாண்டி ஐந்து நிமிடம். சோதனைக்கு இரண்டு நாள்கூட இல்லை.

சோதனை அம்மாவுடையது. பதினான்கு வருடங்களாக அவர் மோர்னிங்சைட் பக்கம் பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நின்றபடி வேலை செய்கிறார். பெட்டியை மடித்து, நிரப்பி, தூக்கி வைக்க வேண்டும். இடது தோள் இரண்டு வருடமாகச் சரியில்லை. தூக்க வேண்டாம் என்று டொக்டர் சொல்கிறார். அந்த வேலையில் தூக்காமல் செய்வதற்கு எதுவும் இல்லை. அதனால் மாலை வகுப்புக்குப் போய், மருத்துவமனைகளுக்கான மொழிபெயர்ப்பாளர் தேர்வை எழுதி, சித்தியடைந்தார். வேலை வீட்டிலிருந்தே செய்வது. திரையில் டொக்டர் ஒரு பெட்டிக்குள், நோயாளி இன்னொரு பெட்டிக்குள், இருவருக்கும் நடுவில் அம்மாவின் குரல்.

பயிற்சியின்போது எங்கள் வைஃபை இரண்டு முறை அறுந்தது. இரண்டாவது முறைக்குப் பிறகு நிறுவனம் மரியாதையாக எழுதியது: கேபிள் இணைப்போடு ஒருமுறை சோதிப்போம், அதில் அறுந்தால் இந்த முறை எடுப்பவர்களின் பட்டியலில் உங்கள் பெயர் இருக்காது. அடுத்த முறை எப்போது என்று அவர்களே சொல்லவில்லை. அதுவரை தொழிற்சாலைப் பெட்டிதான்.

ஒரு வேலையாளைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவர் சொன்ன விலையைக் கேட்டு அப்பா தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "உன்ரை படிப்பு உதுதானே?" என்றார்.

முழுக்க அதுவல்ல. நான் மென்பொருள் சோதிக்கிற வேலை செய்கிறேன். வலையமைப்புப் பாடத்தில் ஏழு அடுக்குகள் பற்றிப் படித்திருக்கிறேன். மேலே உள்ள ஆறும் எனக்குப் பழக்கம். மிஞ்சிய ஒன்று, அதாவது எல்லாவற்றுக்கும் கீழே கிடக்கும் வயர், பரீட்சைத்தாளில் ஒரு கோடாக மட்டும் வந்து போனது. ஆனாலும் "ஓம்" என்றேன். நூற்றைம்பது டொலருக்குள் முடிப்பது என்று எழுதி, ஒரு வாரம் லீவு போட்டேன்.

வெக்ஸ்போர்ட்டில் எங்களுடையது பழைய செங்கல் வீடு. சின்ன அறை பிற்பாடு யாரோ பின்பக்கம் ஒட்டிக் கட்டியது. ஆகவே குசினிக்கும் அதற்கும் இடையில் இருப்பது ஒரு காலத்தில் வெளிச்சுவராக இருந்த சுவர், கதவும் பழைய பின்கதவு. குளிர் வராமலிருக்க ஓரமெல்லாம் ரப்பர் அடித்திருப்பதால் அது இறுக்கமாகப் பூட்டும். கீழே ஒரு கேபிள் கிடந்தால் பூட்டாது. நோயாளியின் கதை வெளியே கேட்கக் கூடாது என்பதால் பூட்டித்தான் ஆக வேண்டும். வீட்டில் பூட்டக்கூடிய வேறு அறைகளில் ஆட்கள் படுக்கிறார்கள். இதில் அரிசி மூட்டைகள் மட்டும்தான் இருந்தன. அவற்றை அம்மா சுவரோரம் அடுக்கி வைத்துவிட்டு, "சத்தம் வெளியிலை போகாது, நல்லதுதான்" என்றார்.

சனிக்கிழமை நான் அளவுநாடாவோடு நடந்துகொண்டிருக்க, அவர்கள் இருவரும் குசினி மேசையில் பயிற்சி செய்தார்கள். அப்பா நோயாளி. இந்த வேலையில் ஒரு விதி உண்டு: நோயாளி "எனக்கு நோகுது" என்றால் மொழிபெயர்ப்பாளரும் "எனக்கு நோகுது" என்றே சொல்ல வேண்டும். "அவருக்கு நோகுதாம்" என்று சொல்லக் கூடாது. கூட்டவோ குறைக்கவோ சிரிக்கவோ கூடாது.

அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "டொக்டர், என்ரை மனுசி எனக்கு மூண்டு நாளாச் சாப்பாடு தாறேல்லை."

அம்மா முகம் மாறாமல் ஆங்கிலத்தில் சொன்னார்: "டொக்டர், மை வைஃப் ஹாஸ் நொட் கிவன் மீ ஃபூட் ஃபோர் த்ரீ டேய்ஸ்." பிறகு தமிழில், "மொழிபெயர்ப்புச் சரி. நோயாளிதான் பொய்யன்" என்றார்.

"உங்கை பார், கூட்டிச் சொல்லிப்போட்டா. ஃபெயில்!"

"அது வேலை முடிஞ்சாப் பிறகு சொன்னது. எழும்பிக் கோப்பையைக் கழுவுங்கோ."

ஞாயிறு நடந்த ஃபொயில் கதைக்கும் கேபிளுக்கும் சம்பந்தமில்லை, அதை என் ஆர்வத்துக்காகத்தான் செய்தேன். எங்களுக்குத் தெரிந்த தமிழ் வீடுகளில் அடுப்புக்குப் பின்சுவரில் ஃபொயில் பேப்பர் ஒட்டியிருக்கும். எண்ணெயும் மஞ்சளும் பெயின்றில் பிடித்தால் போகாது, ஃபொயில் என்றால் உரித்துப் போட்டுவிட்டுப் புதிது ஒட்டலாம். அம்மா அதோடு நிற்கவில்லை. அடுப்பின் இரண்டு பக்கமும், ஃபிரிஜ்ஜின் பக்கவாட்டிலும், மீன் பொரிக்கும்போது தெறிக்கக்கூடிய எல்லா இடத்திலும் ஒட்டியிருந்தார். அந்தச் சுவருக்கு மறுபக்கத்தில்தான் அவருடைய புதிய மேசை. வைஃபை இவ்வளவு மோசமாக இருக்க இதுதான் காரணமோ என்று எனக்குச் சந்தேகம்.

மேசையில் ஒரு புள்ளியை டேப்பால் குறித்து, அதே இடத்தில் கைபேசியை வைத்து, ஃபொயில் இருக்கும்போது பத்து முறை, கழற்றிய பிறகு பத்து முறை சிக்னலை எழுதினேன். கழற்றிய பிறகு நிச்சயமாகக் கூடியது. ஆனால் போதாது. செங்கல்லும், அடுப்பு என்ற பெரிய இரும்புப் பெட்டியும் அங்கேயே இருந்தன.

அம்மா புதிய ஃபொயில் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "அப்ப நான் பொரிச்சதாலைதான் வீடியோக் கோல் அறுந்தது எண்டு சொல்லுறியோ?"

"கொஞ்சம், அம்மா. முழுக்க இல்லை."

"எழுதிப்போட்டியோ?"

"ஓம்."

"அப்ப ஒட்டட்டோ? வாழைக்காய் வெட்டி வைச்சிருக்கிறன்."

திங்கள் காலை, அப்பாவின் முதல் பஸ் ஓட்டம் முடிந்ததும் மிசிசாகாவுக்குப் போனோம். அலுவலகம் ஒன்றை மூடுகிறவர் மிஞ்சிய கேபிளை விற்பதாக இணையத்தில் போட்டிருந்தார். மலிவான கேபிள்களில் சில உள்ளே அலுமினியமாகவும் மேலே செம்புப் பூச்சாகவும் இருக்கும் என்று நான் வாசித்து வைத்திருந்தேன். அப்பாவிடம் சொன்னதும் அவர் சாவிக்கொத்தில் இருந்த சின்னக் கத்தியால் ஒரு வயரைச் சுரண்டி வெயிலில் பிடித்துப் பார்த்தார். உள்ளேயும் சிவப்பு. செம்புதான். விற்றவர் கொஞ்சம் கோபப்பட்டார், பிறகு தானும் குனிந்து பார்த்தார். அப்பா அந்தச் சந்தர்ப்பத்தைப் பயன்படுத்தி ஒரு பை பிளக்குகளையும், பிளக்கை நெரிக்கிற குறட்டையும், சோதிக்கும் கருவியையும் சேர்த்தே வாங்கிவிட்டார். நூற்றைம்பதில் பாதிகூடப் போகவில்லை.

கேபிள் போகும் வழி: ஹோல் தரையில் ஒரு சின்ன ஓட்டை, அதனூடாகப் பேஸ்மென்ற் சீலிங், அங்கிருந்து சின்ன அறைக்குச் சூடு கொண்டுபோகும் குழாய் செல்கிற பழைய துவாரம், கடைசியாக அறைக்குள் மேலே. சீலிங் தூக்கி எடுக்கக்கூடிய தட்டுகளால் ஆனது, அது வசதி. ஆனால் பேஸ்மென்ற்றில் ஒரு அக்கா வாடகைக்கு இருக்கிறார். முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்பவர், மதியம் ஒரு மணி வரை நித்திரை. அப்பா இரண்டு மணிக்கு பஸ் எடுக்க வேண்டும். ஆக எங்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம்: ஒன்றிலிருந்து இரண்டு.

செவ்வாய் ஒரு மணிக்கு அக்கா கதவைத் திறந்தபோது கையில் தேத்தண்ணீர்க் கோப்பை, தலையில் துவாய். அப்பா ஏணியோடு நின்றார்.

"அண்ணை, என்ரை கட்டிலிலை தூசி கொட்டினா நீங்கள்தான் தோய்க்க வேணும்."

"கொட்டாது பிள்ளை. நான் பக்குவமாச் செய்வன்."

முதல் தட்டைத் தூக்கியதும் ஒரு பிடி தூசி நேராகக் கட்டிலில் விழுந்தது. அக்கா என்னைப் பார்த்தார். "தங்கச்சி, எழுது. ஒரு பெட்சீற், ரெண்டு தலையணை உறை." உண்மையிலேயே எழுதினேன்.

குழாய்த் துவாரத்தில் கேபிள் மாட்டிக்கொண்டது. நான் இந்தப் பக்கமிருந்து தள்ள, அப்பா மேலே அறையிலிருந்து இழுத்தார். "வருது, வருது" என்ற குரல் கேட்டது. பிறகு ஒரு பெரிய இழுவை, ஒரேயடியாக வந்துவிட்டது. அந்த இழுவை எனக்கு ஞாபகம் இருந்தது.

புதன்கிழமை பிளக் போடும் நாள். கேபிளுக்குள் எட்டு வயர்கள், நான்கு சோடிகள். செம்மஞ்சள், பச்சை, நீலம், மண்ணிறம். ஒவ்வொரு சோடியிலும் ஒன்று முழு நிறம், மற்றது வெள்ளையில் அதே நிறக் கோடு. இரண்டும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியிருக்கும். இந்த எட்டையும் நிமிர்த்தி, வரிசையாக அடுக்கி, பிளக்குக்குள் செருகி நெரிக்க வேண்டும்.

அப்பா சின்ன அறையில், நான் ஹோலில், நடுவில் குசினி. அப்பா கத்தினார்: "பிள்ளை, எந்த ஒழுங்கிலை வைக்க?"

"எந்த ஒழுங்கெண்டாலும் பரவாயில்லை. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தாக் காணும்."

"அப்ப சோடி சோடியா வைக்கிறன். செம்மஞ்சளோடை செம்மஞ்சள், பச்சையோடை பச்சை, நீலத்தோடை நீலம், மண்ணிறத்தோடை மண்ணிறம். சரியோ?"

"நல்ல வடிவா இருக்கும். வையுங்கோ."

அதற்கென்று ஒரு ஒழுங்கு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதன் படமும் கைபேசியில் இருந்தது. அதில் பச்சைச் சோடியைப் பிரித்து, நடுவில் நீலச் சோடியைச் செருகியிருந்தார்கள். பார்க்க யாரோ அவசரத்தில் அடுக்கியது போல இருந்தது. ஒரு வயரால் போவது மறுபக்கம் அதே இலக்கத்துக்குத்தானே வரும், நிறம் வெறும் அடையாளம்தானே என்று நினைத்தேன். அப்பா சொன்ன வரிசை நேர்த்தியாக இருந்தது. அதையே நானும் வைத்தேன்.

கருவி எட்டு விளக்கையும் எரித்தது. கணினி ஒரு நிமிடம்கூட இணைப்பைப் பிடித்து வைக்கவில்லை. பிடித்த நேரத்திலும் வேகம் வைஃபையை விடக் குறைவு.

அப்பா பஸ்ஸுக்குப் போன பிறகு சந்தேகங்களைப் பட்டியலிட்டு ஃபிரிஜ்ஜில் ஒட்டினேன். ஒன்று, இழுத்தபோது கேபிளுக்குச் சேதம். இரண்டு, ரூட்டரில் கேபிள் செருகும் துளை. மூன்று, கணினியின் துளை. நான்கு, கேபிளே தரமற்றது. ஐந்து, பிளக் போட்டதில் பிழை.

ஒவ்வொன்றாகச் சோதித்துக் கோடு போட்டு வெட்டினேன். ரூட்டரோடு கடையில் வந்த குட்டிக் கேபிளால் அம்மாவின் கணினியை ஹோலிலேயே கொழுவிப் பார்த்தேன். நன்றாக ஓடியது, ஆகவே இரண்டும் மூன்றும் இல்லை. மிஞ்சிய கேபிளில் ஒரு மீற்றர் வெட்டி, அதே அப்பாவின் வரிசையில் இரண்டு பிளக் போட்டு, அதையும் கொழுவினேன். அதுவும் நன்றாக ஓடியது. ஆகவே நான்கும் இல்லை, ஐந்தும் இல்லை. மிஞ்சியது ஒன்றாம் இலக்கம்: இழுத்தபோது சேதம்.

நாலரைக்கு வந்த அப்பா சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஃபிரிஜ்ஜைப் பார்த்தார். நான்கு கோடுகளையும், கோடு விழாத ஒன்றையும் வாசித்தார்.

"நான்தான் பலமா இழுத்துப்போட்டன் என்ன?"

"தெரியேல்லை அப்பா. இருக்கலாம்."

"அந்தக் குழாயிலை ஒரு கூர் இருந்தது. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் இழுத்தனான்."

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா பயிற்சிக்குக் கூப்பிட்டபோது நோயாளி, "நாளைக்குச் செய்வம்" என்றார். வியாழன் ஒரு மணிக்குப் பழைய கேபிளை உருவிவிட்டுப் புதிதாக இழுப்பது என்று முடிவு. மிச்சமிருந்த கேபிள் மட்டுமட்டாகத்தான் போதும். அறுபது நிமிடத்தில் இழுத்து, பிளக் போட்டு, சோதிக்க முடியுமா என்பதை யாரும் கேட்கவில்லை.

வியாழன் காலை எனக்குச் செய்ய ஒன்றுமில்லை, ஒரு மணிவரை காத்திருக்க வேண்டியதுதான். ரூட்டரோடு வந்த குட்டிக் கேபிளும், நான் செய்த ஒரு மீற்றர்க் கேபிளும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. பிளக் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக், உள்ளே வயர்கள் தெரியும். ஒன்றை இடது கையிலும் மற்றதை வலது கையிலும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். முதல் மூன்று வயரும் ஒன்றுதான். நான்காவது, என்னுடையதில் பச்சை, கடையில் வந்ததில் நீலம். ஐந்தாவது ஒன்று. ஆறாவது, என்னுடையதில் நீலம், கடையில் வந்ததில் பச்சை. ஏழும் எட்டும் ஒன்று.

பச்சையும் நீலமும் இடம் மாறியிருந்தன. வித்தியாசம் அவ்வளவுதான்.

கேபிள் செய்கிற தொழிற்சாலை இந்தக் கோணலான வரிசையை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது? அதனால் யாருக்காவது ஏதாவது பயன் இருக்க வேண்டும். அந்தக் கேள்வியை நான் புதன்கிழமை கேட்டிருக்க வேண்டும். உட்கார்ந்து இணையத்தில் வாசித்தேன். வெட்டி எறிந்த கேபிள் துண்டை எடுத்து மேல்தோலை உரித்து முறுக்குகளை எண்ணினேன். நான்கு சோடியும் ஒரே அளவில் முறுக்கப்படவில்லை. ஒன்று நெருக்கம், ஒன்று தளர்வு, ஒவ்வொன்றும் ஒரு கணக்கு. வேண்டுமென்றேதான்.

விசயம் இதுதான். ஒரு செய்தி ஒரு வயரால் மட்டும் போவதில்லை, இரண்டு வயர்களால் போகிறது. ஒன்றில் போவதன் எதிர்ப்பதிப்பு மற்றதில் போகிறது. பக்கத்தில் இருந்து வரும் இரைச்சல் முறுக்கிய இரண்டிலும் ஒரே அளவு படும், மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது இரைச்சல் காணாமல் போய்விடும். அதற்கு அந்த இரண்டும் முழு வழியும் ஒன்றோடொன்று முறுக்கியே வந்திருக்க வேண்டும். கணினி, மூன்றாம் இலக்கத்தையும் ஆறாம் இலக்கத்தையும் ஒரு சோடி என்று எடுக்கிறது. எங்கள் வரிசையில் மூன்றாவது பச்சைச் சோடியைச் சேர்ந்தது, ஆறாவது நீலச் சோடியைச் சேர்ந்தது. அவை தனித்தனியாக வந்தவை. ஒரு மீற்றர் தூரத்தில் அது பெரிதாகத் தெரியாது. பதினெட்டு மீற்றரில் தெரியும்.

அப்படியானால் மூன்றையும் நான்கையும் சோடியாக்கியிருக்கலாமே, ஏன் மூன்றும் ஆறும்? அதற்கும் ஒரு காரணம் இருந்தது. குசினிச் சுவரில் இப்போது யாரும் பாவிக்காத தொலைபேசித் துளை ஒன்று உண்டு. அதன் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே வயர்கள் நடு இரண்டிலும்தான் பூட்டியிருந்தன. தொலைபேசிக்கு எப்போதும் நடு இரண்டு. பின்னால் கணினிக் கேபிளுக்கு ஒழுங்கு வகுத்தவர்கள் அந்த இடத்தைத் தொடாமல், அடுத்த சோடியை அதற்கு இரு பக்கமும் வைத்திருக்கிறார்கள். அப்பாவின் வரிசை எங்கள் குசினியில் மட்டும் செல்லுபடியாகும் வரிசை.

ஃபிரிஜ்ஜிலிருந்த பட்டியலில் ஒன்றாம் இலக்கத்தை வெட்டினேன். ஐந்தாம் இலக்கத்தின் கோட்டை அழித்துவிட்டு, பக்கத்தில் "நான் சொன்னது பிழை" என்று எழுதினேன். எழுதுவதில் கொஞ்சம் கஷ்டம் இருந்தது. வேலையில் நான் மற்றவர்களிடம் வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்வது, ஒரு சோதனை வெற்றியென்றால் அது எதைச் சோதித்தது என்று கேளுங்கள் என்பது.

காலை ஓட்டம் முடிந்து வந்த அப்பா சப்பாத்தோடேயே நின்று அதை வாசித்தார். அம்மாவும் அன்றைக்கு லீவு, பின்னால் வந்து நின்றார்.

"அப்ப நான் இழுத்தது பிழையில்லையோ?"

"இல்லை. இழுத்தது சரி. நான்தான் எந்த ஒழுங்கெண்டாலும் காணும் எண்டு சொன்னனான்."

"சோடி சோடியா வைக்கச் சொன்னது நானெல்லோ."

"கேபிளைப் பற்றித் தெரிஞ்சது எனக்கெல்லோ."

அம்மா இருவரையும் விலக்கிக்கொண்டு மேசைக்கு வந்து இரண்டு பிளக்கையும் பார்த்தார். "அப்ப அந்த எட்டு விளக்கும் என்னத்தைச் சொன்னது?"

"எட்டு வயரும் மறுகரைக்குப் போய்ச் சேருது எண்டதை மட்டும் சொன்னது. ஆருக்கு ஆர் சோடி எண்டதை அது பாக்கேல்லை."

அம்மா கொஞ்சம் யோசித்தார். "வகுப்பிலை எங்களுக்கும் உப்பிடி ஒண்டு சொல்லித் தந்தவை. சொல்லு முழுக்கச் சரியா இருக்கும், டொக்டருக்குச் சொல்ல வேண்டியதை நோயாளியைப் பாத்துச் சொல்லியிருப்பம். மார்க்ஸ் இல்லை."

"உந்தக் கருவியைக் கலியாணம் பேச அனுப்பக் கூடாது" என்றார் அப்பா. புதன் பின்னேரத்துக்குப் பிறகு அவர் சொன்ன முதல் பகிடி அது.

இனி கேபிளை உருவத் தேவையில்லை, அக்காவின் சீலிங்கையும் தொடத் தேவையில்லை. ஆனால் இரண்டு நுனியையும் வெட்டி மறுபடி பிளக் போட வேண்டும். சின்ன அறைப் பக்கம் அப்பா மிச்சக் கேபிளை நேர்த்தியாகக் கத்தரித்து, சுவரோரம் ஒரு சாண் மட்டும் விட்டிருந்தார். பையில் மூன்று பிளக்குகள்தான் மிச்சம், மற்றவை எங்கள் பழகுதலில் போய்விட்டன.

ஹோல் பக்கத்தை நான் முடித்தேன். ஒரு பிளக் போனது. அறைப் பக்கத்தில் அப்பா நிலத்தில் குந்தியிருந்து எட்டையும் நிமிர்த்தினார். நான் படத்தைப் பார்த்து நிறங்களைச் சொல்லச் சொல்ல, அவர் விரலிடுக்கில் அடுக்கினார்.

"வெள்ளைப் பச்சை. பிறகு நீலம்."

"பச்சையைப் பிரிக்கச் சொல்லுறாய்."

"வெளியிலை ஒரு சென்ரிமீற்றர்தான் பிரிக்கிறம். உள்ளை பதினெட்டு மீற்றரும் ஒண்டாத்தான் வருகினம்."

"சரி, சரி. சொல்லு."

நெரிப்பதற்கு முன் மண்ணிறம் ஒன்று வழுக்கி வெளியே வந்தது. நாங்கள் கவனிக்கவில்லை. கருவியில் ஏழு விளக்குகள் எரிந்தன. அந்தப் பிளக்கை வெட்டி எறிந்தோம். இப்போது ஒரு பிளக், நான்கு விரற்கடைக் கேபிள். அப்பா எழுந்து கை கழுவி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, திரும்பி வந்து குந்தினார். அம்மா கைபேசி வெளிச்சத்தைப் பிடித்தார். எட்டு நுனியும் பிளக்கின் அந்தலை வரை போய் முட்டி நிற்பதை மூவரும் ஒவ்வொருவராகப் பார்த்தோம். "நெரிக்கட்டோ?" என்றார் அப்பா. "நெரியுங்கோ" என்றார் அம்மா.

எட்டு விளக்கு. இம்முறை யாரும் கை தட்டவில்லை. கணினியைக் கொழுவி, இணையத்திலிருந்து ஒரு பெரிய கோப்பு இறங்க விட்டு, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். அறுபடவில்லை. இரண்டு மணிக்கு அப்பா போக வேண்டியிருந்தது. வாசலில் நின்று, "இன்னும் நிக்குதோ?" என்று கேட்டார். நிற்கிறது என்றேன். பஸ்ஸுக்குள் ஏறிய பிறகு கைபேசியில் இன்னொருமுறை கேட்டார்.

வெள்ளி ஒன்பதரைக்கு அம்மா மேசையில் இருந்தார். நிறுவனத்தின் தொழில்நுட்ப ஆள் வைஃபையை நிறுத்தச் சொன்னார், வேகத்தைப் பார்த்தார், அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார். அரிசி மூட்டைகளைப் பார்த்து அவர் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒத்திகை நோயாளியும் ஒத்திகை டொக்டரும் வருவார்கள் என்றும் வேறு யாரும் அறையில் இருக்கக் கூடாது என்றும் சொன்னார். நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். ரப்பர் இறுகிப் பூட்டியது. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

பத்து மணிக்கு அப்பா அழைத்தார். பின்னால் பஸ்ஸின் எஞ்சின் சத்தம். "என்ன மாதிரி?"

"கதவு பூட்டியிருக்கு."

"ரூட்டரிலை லைற் எரியுதோ?"

"எரியுது, அப்பா. விடாமல் எரியுது."

"நல்லது. நான் பஸ்ஸை ஓரமா நிப்பாட்டித்தான் வைச்சிருக்கிறன், நீ பாத்துச் சொல்லு." அந்த ஒரு விளக்கைப் பற்றி அவருக்குச் சொல்லியபடி ஹோல் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

பத்தே காலுக்குக் கதவு திறந்தது. அம்மா முதலில் தண்ணீர் கேட்டார். குடித்து முடித்த பிறகு, "ஒருக்காவும் அறுந்து போகேல்லை" என்றார். பிறகு, "ஒரு மருந்தின்ரை பேர் விளங்கேல்லை, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டனான். அப்பிடிக் கேக்கலாம். விதியிலை இருக்கு." அவருடைய கவலை முழுக்க அந்த மருந்தில் இருந்தது. இணைப்பைப் பற்றி மறந்தே போயிருந்தார்.

திங்கட்கிழமை பதில் வந்தது. அம்மாவை வேலைக்கு எடுத்துவிட்டார்கள்.

இன்றைய நிலை: அம்மா திங்கள், புதன், வெள்ளி காலைகளில் சின்ன அறையில் வேலை செய்கிறார். செவ்வாயும் வியாழனும் இன்னும் தொழிற்சாலைக்குப் போகிறார், ஏனென்றால் நிறுவனம் முதல் ஆறு மாதத்துக்கு மூன்று நாள்தான் தருகிறது. தோள் முழுக்கச் சரியாகவில்லை, நோகும் நாட்கள் குறைந்திருக்கின்றன. கேபிள் இதுவரை அறுந்ததில்லை. அக்காவின் பெட்சீற்றைத் தோய்த்துக் கொடுத்துவிட்டோம், அவருக்கும் ஒரு கேபிள் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன், இன்னும் தொடங்கவில்லை. ஹோல் தரையில் போட்ட ஓட்டையைச் சுற்றி ஒரு இடைவெளி இருக்கிறது, அதை அடைக்க வேண்டும்.